பாலச் சண்டையில் பிழைப்பது எப்படி

அக்கா மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் காகிதத்தைக் கடைசி வரி வரை படித்துவிட்டுத்தான் மாத்திரையை விழுங்குவாள். பெரும்பாலும் அதற்குள் தலைவலி தானாகவே போயிருக்கும். போனில் யாராவது அத்தான் வீட்டில் இருக்கிறாரா என்று கேட்டால், "இருக்கார், ஆனா பேசப் பிடிக்கலையாம்" என்று சொல்லிவிட்டுப் பேனாவைத் தேடுவாள், ஏதாவது சொல்லச் சொன்னால் குறித்துக்கொள்ள. சின்ன வயதில் அவள் என்னை அம்மாவிடம் காட்டிக்கொடுத்ததையெல்லாம் சேர்த்தால் தனிப் புத்தகமே போடலாம். பொய் சொல்லக் கூடாது என்ற கொள்கையெல்லாம் அவளுக்குக் கிடையாது. வராது, அவ்வளவுதான். சிலருக்கு நீச்சல் வராத மாதிரி.

பன்னிரண்டு வருடம் வாஷிங் மெஷின்களுக்குப் புரோகிராம் எழுதினாள். கதவு திறந்திருந்தால் சுற்றாதே, தண்ணீர் வராவிட்டால் மூன்று தடவை கூவு, இந்த மாதிரி. கடுகளவு இடத்துக்குள் பெரிய வேலையை அடக்குவதில் கெட்டிக்காரி. அதைக் கேள்விப்பட்டுத்தான், மூன்றே பேர் இருந்த ஒரு விளையாட்டு நிறுவனம் அவளைக் கூப்பிட்டது. மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் ஒரு மாயாஜால விளையாட்டின் விதிகளை, உள்ளங்கையில் அடங்கும் சின்னத் திரைக்குள் கொண்டுவர வேண்டும். அதுவரை அக்காவுக்குப் பூதம், மந்திரவாதி வகையறாவோடு எந்தப் பழக்கமும் இல்லை. ஆனாலும் வேலையை விட்டுவிட்டுப் போனாள். "துணி துவைக்கிறதுல எனக்கு இனிமே தெரிஞ்சுக்க ஒண்ணும் இல்ல" என்று அத்தானிடம் சொன்னாளாம்.

அதற்கு ஒரு வருடம் கழித்து, நாலு வருட ஊர்சுற்றலை முடித்துக்கொண்டு ஒரு முதுகுப்பையும் ஒரு கெட்டுப்போன முழங்காலுமாக நான் அவள் வீட்டில் போய் இறங்கினேன். இரண்டாவது நாளே அந்தச் சின்னத் திரை வைத்த கருவியைக் கையில் கொடுத்தாள். சும்மாதானே இருக்கிறாய், ஆடிப் பார், எங்கே சாகிறாய் என்று எழுதி வை என்றாள். அப்படியாக எனக்கு ஒரு உத்தியோகம் கிடைத்தது. சாவது.

இந்த விளையாட்டை ஆடாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மேசையில் ஆளுக்கொரு வேடம். ஒருவர் வாள்வீரர், ஒருவர் மந்திரவாதி. இன்னொருவர் நடுவர். கதையைச் சொல்வதும், எதிரில் வரும் எல்லாப் பூதங்களுக்கும் பேசுவதும் அவர் வேலை. வாளை வீசினால் பட்டதா இல்லையா என்பதை இருபது முகமுள்ள ஒரு பகடை சொல்லும். பூதத்துக்காக நடுவர் பகடை உருட்டும்போது மட்டும், எதிரில் ஒரு மறைப்பு அட்டையை நிறுத்திக்கொண்டு அதன் பின்னால் உருட்டுவார். என்ன விழுந்தது என்று அவர் வாயால் சொன்னால்தான் மற்றவர்களுக்குத் தெரியும்.

இந்த விளையாட்டைக் கண்டுபிடித்தவர் ஒரு பல் டாக்டர். நானூற்றுப் பன்னிரண்டு பக்கத்துக்கு விதிப் புத்தகம் எழுதியிருந்தார். இருபது வருடமாக ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு அவருடைய கிளினிக்கின் காத்திருப்பு அறையில் ஆட்டம் நடக்கும். பழைய எக்ஸ்ரே உறைகளை ஒட்டிச் செய்ததுதான் மறைப்பு அட்டை. பகடை, கருவிகள் வைக்கும் எஃகுத் தட்டில் டங்கென்று விழும். பூதங்களுக்குப் பதிலாக நோயாளிகளின் பல் அச்சுகளைக் கட்டங்களில் வைத்திருப்பார்கள். கடைவாய்ப் பல் வந்தால் எல்லோரும் பயப்பட வேண்டும்.

நடுவர் டாக்டர்தான். ஆடுகிறவர்கள் மூன்று பேர். டாக்டரின் மச்சான், ஒரு பஸ் டிரைவர், ஒரு கணக்கு டீச்சர். மச்சான்தான் மந்திரவாதி. விதிப் புத்தகத்தை ஒரு பக்கம்கூடப் படிக்காமல் இருபது வருடமாக விதியைப் பற்றிச் சண்டை போடுகிறவர். டீச்சர் அதிகம் பேச மாட்டார். எப்போதும் அதே நாற்காலியில்தான் உட்காருவார். வேறு யாராவது உட்கார்ந்திருந்தால், அவர்கள் எழுந்திருக்கும் வரை கைப்பையோடு பக்கத்தில் நிற்பார்.

அக்கா விதிப் புத்தகத்தைப் பென்சிலோடு படித்தாள். ஒன்றுக்கொன்று ஒத்துவராத முப்பத்தொரு இடங்களைக் கண்டுபிடித்து, வரிசை எண் போட்டு டாக்டருக்கு அனுப்பினாள். நனைந்த கயிற்றில் முடிச்சு நிற்குமா என்று ஒன்றரைப் பக்கம் இருந்தது. கழுதையின் மனநிலைக்குத் தனி அட்டவணை இருந்தது. கழுதைக்குத் திரையில் இடமில்லை என்று அக்கா சொன்னதற்கு டாக்டர் ஒரு வாரம் பேசவில்லை. பிறகு, "பிடுங்கறதுன்னா பிடுங்கிக்கம்மா. ஆனா வேரோட பிடுங்கு. பாதிய உள்ள விட்டா அப்புறம் அதுதான் வலிக்கும்" என்று அனுமதி கொடுத்தார்.

எல்லாம் சரியாகத்தான் போனது, பாலம் வரும் வரை.

ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. கருவி தயாரானதும் டாக்டர் தன் கையால் ஒரு சண்டையை ஆடிப் பார்த்து, 'இது என் விளையாட்டு' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் அனுமதி ரத்து. அதற்கு அவர் தேர்ந்தெடுத்தது பாலச் சண்டை. மேசையில் அவர்கள் பதினோரு தடவை ஆடி, பதினோரு தடவையும் மயிரிழையில் ஜெயித்த சண்டை. மச்சான் அதை இன்னும் கல்யாண வீடுகளில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கருவியில் அந்தப் பாலத்தில் மூன்றாவது சுற்றில் எல்லோரும் செத்தோம். நான் நாற்பத்து மூன்று தடவை செத்தேன். நீ அவசரக்காரி, அதனால்தான் சாகிறாய் என்றாள் அக்கா. பஸ் டிரைவரிடம் கொடுத்துப் பார்த்தாள். அவர் நிதானமாகச் செத்தார். மச்சான் இரண்டே சுற்றில் செத்துவிட்டுக் கருவியை உதறிப் பார்த்தார். டாக்டர் தான் ஆடவே இல்லை. மற்றவர்கள் சாவதைப் பார்த்துவிட்டு, வருத்தமாக ஒரு கடிதம் எழுதினார். இது என் விளையாட்டு இல்லை. மாதக் கடைசி வரை பார்க்கிறேன். அதற்குள் சரிசெய்ய முடிந்தால் செய்யுங்கள்.

அதே வாரம் வாஷிங் மெஷின் நிறுவனத்திலிருந்தும் அக்காவுக்கு அழைப்புக் கடிதம் வந்தது. துணி உலர்த்தும் இயந்திரம் ஒன்று புதிதாகச் செய்கிறார்களாம், வந்துவிடு என்று. அக்கா அந்தக் கடிதத்தை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்தாள். தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம், வீட்டுக்கு வந்த வேண்டாத விருந்தாளியைப் பார்ப்பது போல் அதைப் பார்ப்பாள். பதினான்கு மாதம் உழைத்திருந்தாள். தனக்குப் பிடித்து அவள் செய்த முதல் வேலை அது.

பிழை எங்கே என்று புத்தகத்தையும் புரோகிராமையும் வரிக்கு வரி வைத்து ஒப்பிட்டாள். பிழையே இல்லை. அதுதான் பிரச்சினை. விதிப்படி ஆடினால் அந்தப் பாலத்தை நூறில் நான்கு தடவைதான் தாண்ட முடியும் என்று கணக்கு வந்தது. இவர்கள் பதினொன்றுக்குப் பதினொன்று தாண்டியிருக்கிறார்கள்.

மேசையில் எப்படித்தான் ஆடுகிறார்கள் என்று பார்த்துவிடுவோம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். அன்று டீச்சருக்குச் சளி, வரவில்லை. ஆட்டத்துக்கு ஆள் குறையக் கூடாதென்று அக்காவை டீச்சரின் நாற்காலியில் உட்கார்த்தி வைத்தார்கள். நான் சுவரோரமாக உட்கார்ந்து பழைய பத்திரிகை படித்தேன். அக்கா வழக்கம்போல் நோட்டில் கோடு போட்டு எழுதிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் அவள் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

வீட்டுக்கு வரும் வழியில் நோட்டைக் காட்டினாள். பக்கத்தில் இரண்டு பத்திகள். ஒன்றில் 'விழுந்தது', இன்னொன்றில் 'சொன்னது'. டாக்டரின் முதுகுக்குப் பின்னால் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு அலமாரி இருக்கிறது. ஆடுகிறவர்களில் டீச்சரின் நாற்காலியில் இருப்பவருக்கு மட்டும் அந்தக் கண்ணாடியில் எஃகுத் தட்டு தெரியும். டாக்டரின் பகடையோ எலுமிச்சம்பழம் பெரிசு. அறுபத்தொரு தடவை உருட்டியதில் ஒன்பது தடவை விழுந்தது வேறு, சொன்னது வேறு. பத்தொன்பது விழுந்தது, 'ஐந்து' என்றார். பஸ் டிரைவரின் வாள்வீரர் பிழைத்தார். ஒவ்வொரு தடவையும் டாக்டர் கையை விரித்து அதே வாக்கியத்தைச் சொன்னார்: "பகடை அப்படி விழுந்துருச்சு. நான் என்ன பண்ண?"

மறுநாளே பல்வலி என்று சொல்லி நேரம் வாங்கினாள். பொய்யில்லை, ஒரு பல் நிஜமாகவே ஆறு மாதமாக வலித்துக்கொண்டிருந்தது. நான் துணைக்குப் போனேன். டாக்டர் அவளை நாற்காலியில் சாய்த்து, வாயைத் திறக்கச் சொல்லி, விளக்கை இழுத்தார். அந்தக் கணத்தில்தான் அக்கா நோட்டை நீட்டினாள். டாக்டர் இரண்டு பத்திகளையும் பார்த்தார். என்னையும் உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினார். பிறகு அவள் வாய்க்குள் இரண்டு விரல், ஒரு கண்ணாடி, உறிஞ்சும் குழாய் எல்லாவற்றையும் வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தார்.

முதல் வருடம் ஒழுங்காகத்தான் உருட்டினாராம். ஒரு நாள் டீச்சரின் வேடம் முதல் மணி நேரத்திலேயே செத்துவிட்டது. டீச்சர் கைப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இரண்டு மாதம் வரவே இல்லை. "அன்னிக்கும் உள்ளத உள்ளபடிதான் சொன்னேம்மா. அதோட சரி. மறுபடி அவங்க வந்தப்ப, இனிமே இந்த மேசைல எவனும் வீணா சாகக் கூடாதுன்னு முடிவு பண்ணிட்டேன்" என்றார். அக்கா 'ஆ... ஆ...' என்று ஏதோ கேட்டாள். எவ்வளவு பொய், எப்போது பொய், அதற்கு என்ன விதி என்றுதான் கேட்டிருப்பாள். எனக்கு அவளைத் தெரியும். டாக்டருக்கும் புரிந்துவிட்டது. "விதியெல்லாம் இல்ல. மூஞ்சியப் பாப்பேன். ரொம்ப யோசிச்சு, தயங்கித் தயங்கி ஒரு காய நகத்தினாங்கன்னா, அவங்கள கைவிட மனசு வராது. சும்மா தடாபுடான்னு ஆடறவனுக்கு ஒண்ணும் கிடையாது. ஒரு ஆளுக்கு ஒரு சண்டைல ஒரு தடவைக்கு மேலயும் கிடையாது. மத்தவங்களுக்குத் தெரிஞ்சா அந்தப் பதினோரு சண்டையும் செத்துரும்மா. யார்கிட்டயும் சொல்லிறாத."

சொல்ல மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். அந்தப் பல்லை அடைத்து அனுப்பினார்.

ஆனால் அதோடு அவளுக்குச் சாப்பாடு இறங்காமல் போய்விட்டது. பல்லால் அல்ல. பொய் சொன்னால்தான் அது டாக்டரின் விளையாட்டு. கருவியைப் பொய் சொல்ல வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. மெஷின் என்றால் உள்ளதைத்தான் காட்ட வேண்டும், அதை நம்பித்தான் ஒருவன் பொத்தானை அமுக்குகிறான் என்று இரண்டு நாள் இதையே சொன்னாள். மூன்றாம் நாள், துவைத்த துணியை எடுக்கலாம் என்று நான் வாஷிங் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். இன்னும் ஒரு நிமிடம் என்று காட்டியது. வெகுநேரமாக அதையே காட்டிக்கொண்டிருந்தது. இது கெட்டுவிட்டதா என்று அக்காவைக் கேட்டேன்.

"இல்ல, அது ஏழு நிமிஷம்" என்றாள். "துணி ஒரு பக்கமா ஒதுங்கிடும், சரிபண்ண நேரமாகும். ஏழுன்னு போட்டா ஜனங்க எழுந்து போயிடறாங்க. ஒண்ணுன்னு போட்டா நிப்பாங்க."

"யார் போட்டது?"

"நான்தான்."

"பன்னெண்டு வருஷமாவா?"

அக்கா மெஷினைப் பார்த்தாள். மெஷின் 'ஒன்று' என்றது. அவள் எழுந்து போய் வேலை மேசையில் உட்கார்ந்துவிட்டாள்.

கருவிக்கு முகம் பார்க்கத் தெரியாது. ஆனால் விரலைத் தெரியும். ஒருவர் பொத்தானை அமுக்குவதற்கு முன் எவ்வளவு நேரம் தயங்கினார் என்பதை அது எண்ணும். வழக்கமாக எடுத்துக்கொள்வதைவிட இரண்டு மடங்கு நேரம் தயங்கி ஒரு அடி எடுத்து வைத்தவரின் உயிர், பூதத்தின் ஒரே வீச்சில் போகப்போகிறது என்றால், பகடையைச் சத்தமில்லாமல் மறுபடி உருட்டி எது நல்லதோ அதைக் காட்டும். ஒரு சண்டையில் ஒரே தடவை. மொத்தம் ஒன்பது வரி. பதினான்கு மாதத்தில் அவள் எழுதிய எதற்கும் இந்த ஒன்பது வரிக்குப் பட்ட பாட்டைப் படவில்லை.

மாதக் கடைசி ஞாயிறு. டாக்டர் கருவியை வாங்கிக் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது, அந்த மனிதர் தன் விளையாட்டைத் தானே ஆடியது கிடையாது. இருபது வருடமும் பூதத்தின் பக்கம்தான். மூன்று பேரும் அவர் தோளுக்குப் பின்னால் கூடிவிட்டார்கள். "அத்தான், அமுக்குங்க, பூதம் தூங்கிடப் போகுது" என்றார் மச்சான். டாக்டர் ஒவ்வொரு அடியையும் வேர் சிகிச்சை மாதிரி எடுத்து வைத்தார். மூன்றாவது சுற்றில் அவருடைய வீரருக்கு இரண்டு உயிர்ப்புள்ளிதான் பாக்கி. பாலத்தின் நடுவில் நின்றார். ஒரு கட்டம் முன்னால் போனார், பின்னால் வந்தார், மறுபடி முன்னால் போய் அமுக்கினார். பூதம் கோடரியை ஓங்கியது. படவில்லை.

மச்சான் அவர் முதுகில் ஓங்கி அறைந்தார். டாக்டர் திரும்பவில்லை. அந்த விதியை எழுதியவர் அவர். எத்தனைக்கு எத்தனை தடவை அந்தக் கோடரி படும் என்று அவருக்குத் தெரியாதா. சண்டையை முடித்து, பாலத்தைத் தாண்டி, கருவியை மேசைமேல் வைத்துவிட்டு அக்காவைப் பார்த்தார்.

"உள்ளதச் சொல்லும்மா. அது பகடைதானா?"

அக்காவுக்குக் காது வரை சிவந்துவிட்டது. வாயைத் திறந்தாள். பதினான்கு மாதமும் போச்சு, உலர்த்தும் இயந்திரம்தான் என்று நான் முடிவே கட்டிவிட்டேன்.

டீச்சர் தன் நாற்காலிக்குப் போய் உட்கார்ந்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். அலமாரிக் கதவை ஒரு தடவை பார்த்துவிட்டு, கைகளை விரித்தார்.

"பகடை அப்படி விழுந்துருச்சு டாக்டர். அவ என்ன பண்ணுவா?"

டாக்டர் டீச்சரைப் பார்த்தார். பிறகு மெல்லத் திரும்பித் தனக்குப் பின்னால் இருந்த கண்ணாடியைப் பார்த்தார். அதில் எஃகுத் தட்டு பளிச்சென்று தெரிந்தது. "எவ்வளவு நாளா?" என்றார்.

"அந்த ரெண்டு மாசம் கழிச்சு வந்தேனே, அப்பலேருந்து" என்றார் டீச்சர். "வேற நாற்காலில உக்காந்தா எனக்கு ஆட்டமே ருசிக்கல."

என்ன பேசுகிறார்கள் என்று மச்சான் கேட்டார். டாக்டர் மருந்துச் சீட்டுப் புத்தகத்திலேயே ஒரு தாளைக் கிழித்து, 'இது என் விளையாட்டு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவசரத்தில் அடியில் 'சாப்பாட்டுக்குப் பின்' என்றும் எழுதிவிட்டார். நிறுவனத்தில் அதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். மச்சான் படிக்கும் பழக்கம் இல்லாதவர் என்ற தைரியத்தில்தான் இதையெல்லாம் எழுதுகிறேன்.

ஃபிரிட்ஜ் கதவிலிருந்த கடிதத்துக்கு அக்கா பதில் எழுதினாள். வரவில்லை என்று ஒரு வரி. அந்த ஒரு நிமிடத்தை இனிமேல் ஏழு என்றே காட்டிவிடுங்கள் என்று இன்னொரு வரி. அவர்கள் இன்னும் மாற்றவில்லை.

விளையாட்டு வெளியாகிவிட்டது. பஸ் டிரைவர் டிப்போவில் இடைவேளையில் ஆடுகிறார், பாலத்தைத் தாண்டிவிட்டாராம். நான் மட்டும் இன்னும் தாண்டவில்லை. யோசித்து அமுக்கு என்கிறாள் அக்கா. ரகசியமே தெரிந்திருந்தும் விரல் நிற்க மாட்டேன் என்கிறது. நேற்றோடு அறுபது.