படையலுக்கு வந்த மலைப்புறா

கொழும்பில் நிருபராக இருந்த காலத்தில், பேய்க்கதையோடு வருகிறவர்களுக்குத் தேத்தண்ணீர் கொடுத்துத் திருப்பி அனுப்புவதும் என் வேலைதான். ஆகவே இதை நீங்கள் நம்பாவிட்டால் எனக்குக் கோபம் வராது.

பிறகு சுவிஸ் மலைப்பகுதியான எங்கடினில் ஒரு ஹோட்டல் குசினியில் வேலை செய்தேன். பணியாளர் விடுதியில் எனக்குப் பக்கத்து அறை வசந்தி. அவளுடைய கணவர் ரகு 2009இல் போர் முடிந்த கிழமை காணாமல் போனவர். திவசம் செய்யும்படி மாமியார் யாழ்ப்பாணத்திலிருந்து ஆண்டுதோறும் தொலைபேசியில் அழுவார். செய்தால் ரகு இறந்துவிட்டதாக ஒப்புக்கொண்டது ஆகிவிடும் என்று வசந்தி மறுத்துவந்தாள். 2015 மே மாதம் இணங்கினாள்.

"காகம் எடுத்துதெண்டா பொட்டை அழிக்கிறன் அண்ணை."

சூரிச்சுக்கு ரயிலேறிப் போய் வாழையிலை வாங்கிவந்தேன். சீசன் முடிந்து விடுதி வெறிச்சோடியிருந்தது. மதியம் யன்னல் விளிம்பில் படைத்தோம். அங்கே மஞ்சள் சொண்டு மலைக்காகங்களுக்குக் குறைவே இல்லை, கையிலிருக்கும் பாண் துண்டையே பறிப்பவை.

"சுவிஸ் காகம் கத்தரிக்காய்க் குழம்பு தின்னுமோ?"

"சீஸ் வைச்சிருக்கோணும்," என்றேன். சிரித்தாள்.

ஒரு காகமும் வரவில்லை. சோறு ஆறிப்போன பிறகு ஒரு புறா வந்து இறங்கியது. சாம்பலில் ஊதா படர்ந்த உடல், பின்கழுத்தில் சதுரங்கப் பலகை போலக் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள். செய்தி சேகரிக்க நுவரெலியாக் காட்டுக்குப் போனபோது இதைப் பார்த்திருக்கிறேன். இலங்கையின் காடுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத பறவை, நம்பினால் நம்புங்கள், கைநீட்டினால் தொடும் தூரத்தில் நின்றது.

"இது என்ன புறா அண்ணை?"

"எங்கட நாட்டுப் புறா. நுவரெலியாப் பக்கம் இருக்கிறது. இஞ்ச வரேலாது."

"அவர் பள்ளிக்கூடத்தில படிப்பிச்ச ஊர்," என்றாள் வசந்தி.

அது சோற்றைத் தொடவில்லை. அவளையே பார்த்தபடி நின்று, தொண்டையை அசைத்து, இலையில் ஒரு கொட்டையைக் கக்கிவிட்டுப் பறந்துபோனது.

வசந்தி இலையை உள்ளே எடுத்தாள். "காகம் வரேல்லை. வாங்கோ, சாப்பிடுவம்."

எங்கிருந்தாவது தப்பிவந்த பறவையா என்று பலரிடம் விசாரித்தேன். இந்த நாட்டில் அதை வளர்ப்பவர் எவரும் இருப்பதாகத் தெரியவில்லை.

கொட்டையை அவள் யோகட் கோப்பையில் ஊன்றினாள். இப்போது அது யன்னல் உயரம் நிற்கிறது, கொழுந்தெல்லாம் சிவப்பு. நான் வேறிடம் மாறிவிட்டேன், ஆனாலும் ஒவ்வொரு மே மாதமும் அவளிடம் போவேன். பொட்டோடு வந்து கதவைத் திறப்பாள். இலையொன்றைக் கிள்ளிக் கசக்குவேன். காட்டுக் கறுவா மணக்கும், நுவரெலியாக் காட்டில் முகர்ந்த அதே பட்டை வாசம். பறவையைப் பிழையாக அடையாளம் கண்டேன் என்று பத்திரிகையில் போடுவதுபோல ஒரு திருத்தம் போட்டுவிடலாம். அந்த மணம்தான் வீடு திரும்பும்வரை விரலில் இருக்கிறது.