மிஷினுக்கு வார்த்த சாராயம்

என் புருஷன் வாழ்நாளில் ஒரு சொட்டுச் சாராயம் குடித்தவரல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துணுக்காய்ப் பக்கம் இன்றைக்கும் யாராவது வேறு மாதிரிக் கதைத்தால் என் வாய் சும்மா இராது.

நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றக் காணிக்கு வந்து இரண்டாவது சிறுபோகம், கோடைப் பயிர்க்காலம் அது. குளம் வற்றிவிட்டது. மேட்டுக்காணியில் கிணறு வெட்டி மிளகாய் நட்டிருந்தோம். கிணற்றடியில் மண்ணெண்ணெயில் ஓடும் இறைப்பு மிஷின் ஒன்று. செடி பூக்கிற நேரம் பார்த்துச் கூட்டுறவுச் சங்கக்கடையில் மண்ணெண்ணெய் இல்லையென்று கையை விரித்துவிட்டார்கள். துறைமுகத்தில் வேலைநிறுத்தமாம். விளக்குக்கே எண்ணெய் இல்லை, மிஷினுக்கு எங்கே போவது? இந்த மிளகாய் போனால் காணியை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். ஊரில் எங்களுக்கென்று ஒரு பிடி மண்ணும் இருக்கவில்லை.

அது பாலைப்பழக் காலம். காடெல்லாம் மஞ்சளாகக் கொட்டிக் கிடந்தது. அவர் சாக்குச் சாக்காக அள்ளிவந்து பானைகளில் போட்டுப் புளிக்க வைத்தார். பிறகு காட்டோரத்தில் அடுப்பு மூட்டி, செப்புக் குழாய் பூட்டி, கசிப்பு, அதுதான் கள்ளச் சாராயம், காய்ச்சுகிறவர்கள் போலவே காய்ச்சத் தொடங்கினார். நான் பின்னாலேயே போய்க் கேட்டேன்.

“உங்களுக்கென்ன விசரோ? பொலிஸ் வந்தால்?”

“குடிக்கவோ காய்ச்சுறன்? மிஷினுக்கு.”

“ஆர் நம்புவினம்?”

“மிஷின் நம்பினாப் போதும்.”

முதலில் காய்ச்சியதை வார்த்ததும் மிஷின் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றுபோனது. அதில் தண்ணீர் கலந்திருந்தது. மனுஷன் விடவில்லை. காய்ச்சியதையே திரும்பவும் திரும்பவும் காய்ச்சினார். குசினியின் இருட்டு மூலையில் ஒரு கரண்டி ஊற்றிக் கொளுத்திப் பார்ப்பார். நீலமாக எரிந்து கரண்டி காய்ந்துபோனால் சரி. அடியில் தண்ணீர் மிஞ்சினால் இன்னொரு தரம் காய்ச்ச வேண்டும். காபரேட்டரின் துவாரத்தையும் கொஞ்சம் பெரிதாக்கினார். கடைசியில் மிஷின் ஓடியது. அதுவும் என்ன ஓட்டம்! புகை இல்லை, பிளக்கில் கரி இல்லை, நாற்றம் இல்லை. மண்ணெண்ணெயைவிட அதிகம் குடித்தது, அது ஒன்றுதான் குறை. “எங்கட காட்டில விளையிற எண்ணெய், கப்பலுக்குக் காத்திருக்கத் தேவையில்லை” என்று அவர் துள்ளினார். மிளகாயும் நிமிர்ந்தது.

ஒருநாள் அவசரத்தில் வாசல் வெயிலில் வைத்தே கரண்டியைக் கொளுத்தினார். நெருப்புப் பிடிக்கவில்லையென்று நினைத்து நான் கரண்டியை எடுக்கப்போனேன். “ஐயோ அம்மா!” விரல் பொசுங்கிவிட்டது. வெயிலில் அந்த நீலம் கண்ணுக்குத் தெரியவேயில்லை.

“கண்ணுக்குத் தெரியாத நெருப்பு எங்களுக்கு வேண்டாம், இஞ்சருங்கோ.”

அவர் என் விரலில் தேன் பூசிவிட்டுச் சிரித்தார். “எவ்வளவு சுத்தமான நெருப்பு எண்டு பாரும்.”

வாடை காணி முழுக்கப் பரவியது. அடுத்த காணி அண்ணை மணம் பிடித்துக்கொண்டு வந்து, “தம்பி, எனக்கும் ஒரு போத்தல் தாருமன்” என்றார். இவர் மாட்டேனென்றார். அது அண்ணைக்குச் சுட்டுவிட்டது. “மிஷினுக்கு வார்க்கிறாராம், மனுசருக்கு இல்லையாம்! ஆருக்குக் காது குத்துறார்?” என்று சங்கக்கடையில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாராம். வெறிக்காரன், குடிகாரன் என்று இவருக்குப் பெயரும் வைத்துவிட்டார்கள்.

அன்று உச்சி வெயில். நான் சோற்றுப் பெட்டியோடு வரம்பில் வந்துகொண்டிருந்தேன். அண்ணையின் காணியில் புல்லுப் பிடுங்கிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து நின்று விழுந்து விழுந்து சிரித்தார்கள். கிணற்றடியில் என் புருஷன் கையையும் காலையும் உதறித் துள்ளிக்கொண்டிருந்தார். மார்பில் அடித்தார், சுழன்றார், கத்தினார். மிஷின் சத்தத்தில் ஒரு சொல்லும் கேட்கவில்லை.

“இண்டைக்கு மிஷினுக்கில்லை, தனக்குத்தான் வார்த்திருக்கிறார்!” என்றார் அண்ணை. “வெறி ஆட்டம் பாருங்கோ!”

புகையும் இல்லை, சுவாலையும் இல்லை. ஆனால் அவர் போட்டிருந்த சேட்டு தானாகவே கறுத்துச் சுருண்டு உதிர்ந்தது. நான் பெட்டியை எறிந்துவிட்டு ஓடினேன். வாய்க்காலில் நனைந்து கிடந்த சாக்கை இழுத்து அவரைச் சுற்றிக் கட்டிப் பிடித்தேன். என் கைகளும் வெந்தன, எது சுடுகிறதென்று கண்ணுக்குத் தெரியவில்லை. ஓடுகிற மிஷினுக்கு வார்க்கும்போது சாராயம் சிந்தி, மிஷின் சூட்டில் அவர்மேல் நெருப்புப் பிடித்திருக்கிறது. மிஷின் ஒரு இருமல்கூட இல்லாமல் தண்ணீரைக் கொட்டிக்கொண்டே இருந்தது.

வவுனியா ஆஸ்பத்திரியில் டொக்டர் அவரை மோந்து பார்த்துவிட்டு என்னிடம், “எவ்வளவு குடிச்சவர்?” என்று கேட்டார். கட்டிலில் கிடந்தவருக்கு அது கேட்டுவிட்டது. “நான் குடிக்கிறேல்லை” என்றார். விடிவதற்குள் போய்விட்டார்.

செத்த வீட்டில் அண்ணைதான் பெரிதாக அழுதார். “குடி கெடுத்துப்போட்டுதே தம்பி!” என்று தலையில் அடித்தார். சனமும் தலையாட்டியது. எனக்கு உடம்பெல்லாம் பற்றியெரிந்தது. பிணம் கிடக்கிறதே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

செத்த எட்டாம் நாள், எட்டுச் செலவுச் சடங்கன்று எல்லாரும் முற்றத்தில் கூடியிருந்தார்கள். நல்ல வெயில். நான் மிச்சமிருந்த போத்தலைக் கொண்டுவந்து, ஒரு தட்டத்தில் ஊற்றி, நெருப்புக்குச்சியைக் கிழித்துப் போட்டேன்.

“எரியுதோ அண்ணை?”

அவர் குனிந்து பார்த்தார். “இல்லைப் பிள்ளை. ஒண்டும் காணேல்லை.”

“கையை வைச்சுப் பாருங்கோ.”

வைத்தார். அலறிக்கொண்டு எழும்பி, கையை உதறி உதறி முற்றம் முழுக்கத் துள்ளினார். ஒருவரும் சிரிக்கவில்லை.

“என்ன அண்ணை,” என்றேன், “உங்களுக்கும் வெறியோ?”