வெள்ளை விரல்

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வருஷம் ஒருமுறை தோலைப் பற்றிப் பாடம் எடுக்கிறேன். உடம்பை மூடிக் காக்கிறது, வேர்வையை வெளியேற்றிச் சூட்டைத் தணிக்கிறது, தொடுவதை உணர்கிறது. மேல்தோலில் நிறம் தரும் செல்கள் அழிந்துபோனால் அங்கே வெள்ளைத் திட்டு விழும். அது ஒட்டுவாரொட்டி அல்ல என்பதை மட்டும் இரண்டு தடவை சொல்வேன். டீச்சருக்கு மறதி என்று பிள்ளைகள் தங்களுக்குள் சிரித்துக்கொள்வார்கள். மறதி இருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டு முன்னறையில் அப்பாவின் தங்கை, என் அத்தை, தையல் மெஷின் போட்டு ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள். அவள் விரல்களிலும் உதட்டோரத்திலும் வெள்ளை விழுந்திருந்தது. பெண் பார்க்க வந்த இரண்டு வீட்டாரும் அதைப் பார்த்துவிட்டு காப்பி குடித்த கையோடு போய்விட்டார்கள். ஆனாலும் தையல் சுத்தம் என்பதால் தெருப் பெண்கள் அளவு கொடுக்க வந்துகொண்டுதான் இருந்தார்கள். எனக்குத் தினமும் தலை சீவி விடுவதும் அவள்தான். ஒருநாள் ஊசி குத்தி அவள் விரலில் ரத்தம் வந்தபோது, வெள்ளை விரலிலும் வலிக்குமா என்று கேட்டேன்.

"ஏன் வலிக்காது மக்கா? நிறந்தான போயிருக்கு."

அந்தச் சமயத்தில் எனக்கு ஒரு ரகசியம் இருந்தது. வீட்டுக்குப் பின்னால் விறகுக் கொட்டகையில் ஒரு பூனைக்குட்டி. அப்பாவுக்குப் பூனையே ஆகாது, கண்டால் சாக்கில் போட்டுக் கொண்டுபோய் விட்டுவிடுவார். பள்ளிக்கூடம் விட்டதும் ஒருவருக்கும் தெரியாமல் அதைக் கையில் இடுக்கிக்கொண்டு கொஞ்சுவேன். அதன் காதோரம் வட்டமாக முடி கொட்டியிருந்தது. அங்கேயும் ஒரு முத்தம் கொடுப்பேன்.

கொஞ்ச நாளில் என் முழங்கையின் உள்பக்கம் பொத்தான் அளவுக்கு வட்டமாகச் சிவந்து அரித்தது. படர்தாமரை. அம்மா கையைப் பிடித்து வெளிச்சத்துக்கு இழுத்தாள்.

"ஏட்டி, எதைத் தொட்ட? உள்ளதைச் சொல்லு."

விறகுக் கொட்டகையும் அப்பாவின் சாக்கும் ஒன்றாக ஞாபகம் வந்தன. "அத்தைதான் தெனமும் இங்கன தொட்டு எண்ணெய் தேய்ச்சு விடுதாவ" என்றேன்.

அம்மா கெட்டவள் இல்லை, பயந்தவள். எங்கள் ஊரில் தோலில் எது வந்தாலும் முதல் மருந்து கோயில் புற்றுமண்தான். வெள்ளைத் திட்டுக்கும் அதே மண், படர்தாமரைக்கும் அதே மண். மருந்து ஒன்று என்றால் வியாதியும் ஒன்றுதானே என்று அம்மா முடிவு கட்டினாள். அன்றிலிருந்து அத்தைக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், தனிச் சோப்பு. இது ஒட்டாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறாரே மதினி என அத்தை ஒரே ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். பிள்ளையின் கையே சாட்சியாக இருக்கும்போது டாக்டர் பேச்சு எடுபடுமா? அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

அம்மா பக்கத்து வீட்டில் மட்டும்தான் சொன்னாள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? சொந்த வீட்டுப் பிள்ளைக்கே ஒட்டிவிட்டதாம் என்று பேச்சு பரவியது. வெட்டிவைத்த துணியைக்கூடத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். ஒரு மாதத்தில் மெஷினை மூடிவைக்க வேண்டியதாயிற்று.

மண்ணுக்கு அடங்காத படர்தாமரையை டாக்டரிடம் காட்டியபோது, வீட்டில் நாய், பூனை உண்டா என்று அவர் கேட்டார். அம்மா இல்லை என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை. அந்த ஒரு வார்த்தையை அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அத்தை சிவகிரியில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போவதென்று முடிவானது. இன்றும் அங்கேதான் இருக்கிறாள். போனால் பாசமாகப் பேசுகிறாள், சோறு போடுகிறாள். ஆனால் என் மகளை அவளாகத் தூக்குவதில்லை. பழைய கதையை நான் எடுத்தால் பேச்சை மாற்றிவிடுகிறாள்.

அத்தை சிவகிரிக்குக் கிளம்பிய அன்று, அவள் பஸ் ஏறும்போது கையை நீட்டினேன். அவள் விரல்களைச் சேலைத் தலைப்புக்குள் சுருட்டிக்கொண்டு, "மருந்தை விடாமப் போடு மக்கா" என்றாள். என் மேல் கோபம் போலிருக்கிறது என்று எனக்கும் கோபம் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் கொட்டகைக்கு ஓடினேன். சிரட்டையில் பால் இருந்தது. நான் வைத்ததில்லை. மஞ்சள் ரவிக்கைத் துணி ஒன்றை நாலாக மடித்து, பிரியாமல் ஓரம் தைத்து, மெத்தைபோல் போட்டிருந்தது. அதில் குட்டி சுருண்டு கிடந்தது. அதன் காதோரத்து வட்டத்தில் புற்றுமண் பூசிக் காய்ந்திருந்தது.

அத்தைக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் யாரிடமும் சொல்லவில்லை. நல்லவேளை, மாட்டிக்கொள்ளவில்லை என்ற சந்தோஷத்தில் குட்டியைத் தூக்கி, அதே கையில் இடுக்கிக்கொண்டு ரொம்ப நேரம் கொஞ்சிக்கொண்டிருந்தேன்.