கேட்டதற்கு மட்டும் பதில்

அமைச்சகத்தின் மூன்றாவது மாடியில் அவளுக்கு வைத்திருந்த பெயர் எழவில்லையம்மா. முகத்துக்கு நேரே யாரும் சொல்ல மாட்டார்கள்; அவள் முதுகு திரும்பினால் போதும். அவளுக்கும் அது தெரியும். தெரிந்தால் என்ன, கோபமா வந்தது? உள்ளுக்குள் பெருமைதான்.

பெயர் வந்த கதை இது. நாடாளுமன்ற உறுப்பினர்கள் அமைச்சரிடம் இரண்டு விதமாகக் கேள்வி கேட்கலாம். சபையில் எழுந்து நின்று வாயால் கேட்பது ஒரு விதம். அமைச்சர் பதில் சொன்ன கையோடு துணைக் கேள்வி என்று இன்னொன்றைத் தூக்கிப் போடுவார்கள், அமைச்சருக்கு வேர்த்துவிடும். எழுத்தில் கேட்பது இன்னொரு விதம். எழுத்தில் கேட்டால் எழுத்தில் பதில். அச்சடித்துச் சபையின் மேசை மீது வைத்துவிட்டால் தீர்ந்தது, மறுபேச்சு கிடையாது. அந்தப் பதில்களை அமைச்சரே உட்கார்ந்து எழுதுகிறார் என்று யாராவது நினைத்துக்கொண்டிருந்தால் அவர்கள் நல்லவர்கள், அப்படியே இருக்கட்டும். சுகாதார அமைச்சரின் பெயரில் போன பதில்களை எழுதியது, ஜன்னலோரம், ஒரு கால் ஆடும் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த இவள்தான்.

கேள்விகள் எப்போதும் வாலோடுதான் வரும். (அ) இப்படி நடந்தது உண்மையா. (ஆ) உண்மையெனில் என்ன நடவடிக்கை. (இ) நடவடிக்கை இல்லையெனில் காரணம் என்ன. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் மூன்றுக்கும் முக்கி முனகிப் பதில் எழுதுவார்கள். அவள் (அ)வை மட்டும் உற்றுப் பார்ப்பாள். அதற்கு ‘இல்லை’ என்று சொல்ல ஒரு சந்து கிடைத்துவிட்டால் வால் தானாக அறுந்து விழுந்துவிடும். ‘(அ) இல்லை. (ஆ), (இ): எழவில்லை.’ அதாவது, அந்தக் கேள்விகளுக்கு இனி வேலையே இல்லை. ஆனால் பொய் மட்டும் கூடாது. சபையிடம் பொய் சொன்னால் அமைச்சர் உரிமை மீறலில் மாட்டுவார். அமைச்சர் மாட்டினால் எழுதிக் கொடுத்தவள் கதி அதோகதி. ஆகவே அவள் பதிலில் ஒரு சொல்கூடப் பொய்யாக இருக்காது. “கேட்டதுக்கு மட்டும் பதில். கேக்காததுக்கு வாயே திறக்காதீங்க” என்று பிரிவுக்கு வந்தவர்களுக்கெல்லாம் பாடம் எடுப்பாள்.

மேலதிகாரியான துணைச் செயலாளருக்கு அவள் என்றால் உயிர். அந்த மனிதர் எந்தக் கோப்பு வந்தாலும் எங்காவது ஒரு கமாவைச் சேர்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். அதனால் அவர் பெயர் கமா சார். அவள் வரைவில் மட்டும் கமா போடவும் இடம் கிடைக்காமல் தவிப்பார்.

போன கூட்டத்தொடரில் கிழக்குத் தொகுதி உறுப்பினர் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். தன் தொகுதி அரசு மருத்துவமனையில் டயாலிசிஸ் பிரிவு இருக்கும் கட்டடத்தில் மின்தூக்கி இல்லை என்பது உண்மையா. உண்மையெனில் எப்போது அமைக்கப்படும். இல்லையெனில் காரணம் என்ன. மருத்துவமனை அனுப்பிய குறிப்பில் விவரம் முழுக்க இருந்தது. மின்தூக்கி இருக்கிறது, மோட்டார் எரிந்து ஓடாமல் நிற்கிறது, புது மோட்டார் கேட்டிருக்கிறோம். அவள் ‘மின்தூக்கி இருக்கிறது’ என்பதோடு நிறுத்திக்கொண்டாள். ‘(அ) இல்லை. மேற்படி கட்டடத்தில் மின்தூக்கி அமைக்கப்பட்டுள்ளது. (ஆ), (இ): எழவில்லை.’

கமா சார் படித்துவிட்டுச் சிரித்த சிரிப்பு வராந்தா வரை கேட்டது. “பிரேம் போட்டு மாட்டலாம்மா இதை!” என்றார். அன்று அவள் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்தச் சிரிப்பு அவள் கூடவே வந்தது.

அவளுக்கு ஒரே தம்பி. பஸ் டிரைவர்; வயசானவர்கள் ஏறினால் அவர்கள் உட்காரும் வரை வண்டியைக் கிளப்ப மாட்டான், அதற்காக டிப்போவில் திட்டும் வாங்குவான். ஆள் வாட்டசாட்டம். சர்க்கரை வியாதி அவனுக்கு வந்ததும் தெரியவில்லை, அது சிறுநீரகத்தைத் தின்றதும் தெரியவில்லை. கால் வீங்கிப் பிரேக்கை மிதிக்க முடியாமல் போனபோதுதான் டாக்டரிடம் போனான். ஒரு நாள் விட்டு ஒரு நாள் டயாலிசிஸ் என்றார்கள். கிழக்குத் தொகுதி அரசு மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார்கள்.

முதல் நாள் அவள் விடுப்பு எடுத்துக்கொண்டு கூடப் போனாள். அந்தக் கட்டடத்தைக் காகிதத்தில் பார்த்தவள் கண்ணால் பார்த்தது அன்றுதான். மின்தூக்கி இருந்தது. அவள் எழுதியபடியே அமைக்கப்பட்டிருந்தது. கதவுக்கு முன்னால் சக்கரம் கழன்ற ஸ்ட்ரெச்சர் ஒன்றும், தரை துடைக்கும் வாளியும் நின்றன. டயாலிசிஸ் நான்காவது மாடியில்.

இரண்டு வார்டு ஊழியர்கள் கை வைத்த நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து தம்பியை உட்காரவைத்துத் தூக்கினார்கள். “ஊரையே ஏத்தி எறக்கினவன், இப்ப என்னை ஏத்தி எறக்க ரெண்டு பேரு. டிக்கெட் எவ்வளவுண்ணே?” என்று அவன் ஏறும் வழியெல்லாம் தமாஷ் பண்ணினான். மூன்றாவது மாடித் திருப்பத்தில் பெரியவரான ஊழியருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. நாற்காலியைத் தடாலென்று வைத்துவிட்டு, சுவரைப் பிடித்தபடி படியிலேயே உட்கார்ந்துவிட்டார். முகம் வெளுத்துவிட்டது. தம்பியின் தமாஷ் அதோடு நின்றது.

“ஏண்ணே, லிஃப்டை சரி பண்ணித் தொலைக்கக் கூடாதா?” என்று கேட்டான்.

“எழுதிக் கேட்டாச்சு தம்பி. நிதித் துறையில திருப்பி அனுப்பிட்டாங்க. லிஃப்ட் இருக்குன்னு மந்திரியே சபையில சொல்லிட்டாராம், அப்புறம் எதுக்குச் செலவுன்னு கேட்டாங்களாம்” என்றார் பெரியவர், இடுப்பை நீவிக்கொண்டே.

தம்பி மெதுவாகத் திரும்பி அக்காவைப் பார்த்தான். அவள் வேலை என்னவென்று அவனுக்குத் தெரியும்; வீட்டில் அவளே சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

“அக்கா, அந்தப் பதில் நீ எழுதினதா?”

“அது அமைச்சரோட பதில்டா” என்றாள். வாய் தானாகச் சொல்லிவிட்டது. அதிலும் ஒரு சொல் பொய்யில்லை.

“நான் அதைக் கேக்கலை” என்றான் தம்பி.

அன்று எப்படியோ மேலே போய்ச் சேர்ந்தார்கள். அடுத்த முறைக்கு அவன் கிளம்பவில்லை. அதற்கு அடுத்த முறையும் இல்லை. தம்பி மனைவி ஆபீசுக்கே போன் பண்ணி அழுதாள். “அண்ணி, அசைய மாட்டேங்கறாரு. இன்னொருத்தன் இடுப்பை ஒடிச்சுத்தான் நான் பொழைக்கணும்னா அந்தப் பொழைப்பே வேணாங்கறாரு. இப்படியே விட்டா நுரையீரல்ல தண்ணி கோத்துக்கும், ஆள் தங்க மாட்டார்னு டாக்டர் சொல்லிட்டாரு அண்ணி.”

அவள் நேரே கமா சார் அறைக்குப் போனாள். சபையில் வைத்த பதிலில் தவறு இருந்தால் அமைச்சரே திருத்தி அறிக்கை வைக்கலாம், அதற்கு வழி இருக்கிறது.

“போன தொடர்ல அந்த லிஃப்ட் பதிலைத் திருத்தணும் சார்.”

அவர் பதறிப்போய்க் கண்ணாடியைக் கழற்றினார். “ஏன்? தப்பா இருக்கா?”

“தப்பில்லை சார்.”

“லிஃப்ட் இருக்குல்ல?”

“இருக்கு சார்.”

“அப்ப எதைத்தாம்மா திருத்தறது?”

எத்தனையோ உறுப்பினர்களை அவள் நிறுத்திவைத்த சுவருக்கு முன்னால் இப்போது அவளே நின்றாள்.

கூட்டத்தொடர் நடந்துகொண்டிருந்தது. கிழக்குத் தொகுதி உறுப்பினரும் லேசுப்பட்டவர் இல்லை, விடாக்கண்டர். மறுநாளே அவர் கேள்வி மறுபடி அவள் மேசைக்கு வந்தது. படித்ததும் உயிர் வந்தது. இன்னொரு முறை படித்ததும் போய்விட்டது. ‘(அ) மேற்படி மின்தூக்கி இயங்கவில்லை என்று நோயாளிகளிடமிருந்து அமைச்சகத்துக்குப் புகார் ஏதும் வந்துள்ளதா, (ஆ) ஆமெனில் எப்போது சரிசெய்யப்படும், (இ) இதுவரை சரிசெய்யப்படாததற்குக் காரணம் என்ன.’ அட மகராசா, ‘இயங்குகிறதா’ என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா! நோயாளிகள் புகார் சொன்னது வார்டில், எழுதினது மருத்துவமனைக்கு. அமைச்சகத்துக்கு ஒருவரும் எழுதவில்லை.

கமா சார் கண்ணிலும் அது பட்டுவிட்டது. “நமக்கு ஒண்ணும் வரலையே? ‘(அ) இல்லை’ போட்டு முடிச்சிடுங்க. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள மேல போகணும்” என்றார்.

மருத்துவமனைக்கு வெறும் போன் போட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை என்பது அவளுக்குத் தெரியும். மறுபடி ஒரு ‘இல்லை’ சபைக்குப் போனால் நிதித் துறைக்கு அது இன்னொரு சாக்கு. அன்று மாலை ஆபீசிலிருந்து தம்பி வீட்டுக்கே போனாள்.

கட்டிலில் சாய்ந்து கிடந்தான். கால் இரண்டும் தலையணை மாதிரி வீங்கியிருந்தன. ஒரு வாக்கியம் பேச இரண்டு தடவை மூச்சு வாங்கினான். அவள் பைக்குள்ளிருந்து எழுதிய தாள் ஒன்றை எடுத்தாள். “அமைச்சகத்துக்கு ஒரு புகார் எழுதி எடுத்துட்டு வந்திருக்கேன்டா. ஒரு கையெழுத்துப் போடு.”

அவன் தாளைத் தொடவில்லை. “அன்னைக்கு ஒண்ணு கேட்டேன்.”

“ஆமா. நான்தான் எழுதினேன்.”

“லிஃப்ட் ஓடலைன்னு தெரிஞ்சுமா?”

“தெரிஞ்சுதான்.”

“ஏன்க்கா?”

கேள்வி எழத்தான் செய்தது. அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். “திருப்பிக் கேக்க முடியாதபடி எழுதறதுதான் என் வேலை. நல்லா எழுதறேன்னு சிரிச்சுப் பாராட்டினாங்க. எனக்கும் பெருமையா இருந்துச்சு. படியில யார் ஏறுவாங்கன்னு நெனைக்கவே இல்லடா.” சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். தம்பி மனைவி கதவோரம் அசையாமல் நின்றாள்.

தம்பி கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான். “பஸ் ஓடலைன்னா ஓடலைன்னு போர்டு மாட்டணும்க்கா. அதைக்கூடப் பண்ணலேன்னா சனம் வெயில்ல நிக்கும்” என்றான். பிறகு கையை நீட்டினான். “குடு. ஆனா ஒண்ணு. தேதி போட்டுப் பதில் வந்தாத்தான் நான் அந்த நாற்காலியில ஏறுவேன். அந்தப் பெரியவர்கிட்ட, இத்தனாந்தேதி வரைக்கும் பொறுத்துக்கோங்கண்ணேன்னு சொல்றதுக்காவது எனக்கு வாய் வேணும்.”

மறுநாள் காலையில் அமைச்சகத்துத் தபால் பிரிவின் கதவு திறந்ததும் முதல் ஆளாக நின்றது அவள்தான். புகாரைக் கொடுத்து, முத்திரை குத்த வைத்து, எண் போட வைத்துத் தன் பிரிவுக்கே அனுப்பச் சொன்னாள். பிறகு போனை எடுத்தாள். மருத்துவமனைப் பொறியாளரையும் நிதித் துறையையும் மாறி மாறிப் பிடித்தாள். “அமைச்சர் சபைக்கு ஒரு தேதி சொல்லியாகணும், நீங்க குடுக்கறீங்களா, இல்ல நீங்க குடுக்கலைன்னு பதில்ல எழுதவா?” என்று அவள் கேட்ட கேள்விக்கு அந்தப் பக்கம் சந்தே இல்லை. மத்தியானத்துக்குள் மோட்டாருக்கு ஒப்புதலும் வந்தது, தேதியும் வந்தது.

வரைவைப் பார்த்த கமா சாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. “‘(அ) ஆம்’னு போட்டிருக்கீங்க! நேத்து வரைக்கும் புகாரே இல்லையே?”

“இன்னைக்குக் காலையில வந்திருக்கு சார். இனிமே இல்லைன்னு போட்டா பொய்யாயிடும்.”

அவர் புகாரை வாங்கி, அதிலிருந்த முத்திரையைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். “யாரு இந்த ஆளு? உங்களுக்குத் தெரிஞ்சவரா?”

‘நோயாளி சார்’ என்று சொல்லியிருக்கலாம். அதுவும் உண்மைதான். நாக்கு நுனி வரை வந்தது.

“என் தம்பி சார். புகாரை எழுதினது நான்.”

கமா சார் நாற்காலியில் சரிந்தார். “நான் கேட்டே இருக்கக் கூடாது” என்று முணுமுணுத்தார். பேனாவை எடுத்து, வரைவில் எங்கோ ஒரு கமாவைப் போட்டார். கையெழுத்தும் போட்டார். அடுத்த கூட்டத்தொடர் வருவதற்குள் அவளை நாற்காலி மேசைகள் வாங்கும் பிரிவுக்கு மாற்றிவிட்டார், அது வேறு விஷயம்.

பதில் மேசை மீது வைக்கப்பட்டதும் அவள் தம்பிக்குப் போனில் வாசித்துக் காட்டினாள். “(அ) ஆம். (ஆ) இம்மாதம் இருபதாம் தேதிக்குள் புதிய மோட்டார் பொருத்தப்பட்டு இயக்கப்படும்.”

“(இ)?” என்றான் தம்பி.

“முன்னர் அளித்த பதிலில் மின்தூக்கி இயங்காத விவரம் குறிப்பிடப்படாததால் காலதாமதம் ஏற்பட்டது.”

அந்தப் பக்கம் ஒரு மூச்சுச் சத்தம் கேட்டது. “என் சட்டையை எடு” என்று அவன் மனைவியிடம் சொன்னது போனில் கேட்டது. அன்றைக்கே நாற்காலியில் ஏறினான். பெரியவரை விலக்கிவிட்டு டிப்போவிலிருந்து வந்த இரண்டு டிரைவர்கள் தூக்கினார்கள்.

இருபதாம் தேதி அவளும் போயிருந்தாள். ஸ்ட்ரெச்சரும் வாளியும் இல்லை. மின்தூக்கியின் கதவு திறந்தது. உள்ளே புது எண்ணெய் வாடை. தம்பி மனைவி சக்கர நாற்காலியை உள்ளே தள்ளினாள். தம்பி பொத்தான்களைப் பார்த்தான், மேலே கூரையைப் பார்த்தான், வெளியே நின்ற அக்காவைப் பார்த்தான்.

“அக்கா, இது நெசமாவே மேல போகுமா?”

புது மோட்டார் பொருத்தப்பட்டுள்ளது என்று சொல்லலாம். இயக்கிப் பார்க்கப்பட்டதாகப் பொறியாளர் தெரிவித்துள்ளார் என்றும் சொல்லலாம்.

“தெரியலடா” என்றாள். “தள்ளு, நானும் ஏறிக்கறேன்.”