வியட்நாமைத் திட்டியவர்

கொல்கத்தாவின் பாலிகஞ்சில் தமிழர் ஒருவர் நடத்தும் இட்லிக் கடை. அடுத்த வாரம் வியட்நாம் போகிறேன் என்று கடைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். எதிரே இருந்த பெரியவர் முகம் சுளித்தார். தேய்த்த வெள்ளைச் சட்டை, சவரம் செய்து பளபளத்த முகம். பேசும்போதெல்லாம் சுத்தமான மேசையையே மறுபடியும் மறுபடியும் துடைத்தார்.

“போன மாசம் போனேன். தண்டம். எங்க பார்த்தாலும் மீன் நாத்தம்.”

கொல்கத்தாவில் இருந்துகொண்டு இப்படிச் சொல்கிறாரே என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

“சிரிக்காதீங்க. பைக்கு கூட்டத்துல ரோட்டைக் கடக்கவே முடியாது. அரை மணி நேரம் நின்னேன். பழம் விக்கிறவ ஒருத்தி கூடையை இறக்கி வச்சுட்டு வந்து, என் கையைப் பிடிச்சு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டா. நான் கேட்டேனா?” குரல் உயர்ந்தது. “சம்சாரம் போன பிறகு ஒருத்தர் என் கையைத் தொட்டதில்ல. இவ யாரு தொடறதுக்கு?”

“அவங்களுக்கு நன்றி சொன்னீங்களா சார்?”

“கையை உதறிட்டு வந்துட்டேன்.”

இட்லியை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனார். அந்தக் கோபம் யார்மேல் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.