எண்பத்தெட்டாவது வாரக் குறிப்பு

விசைப்பலகையைத் தலைகீழாகக் கவிழ்த்து மேசையில் இரண்டு தட்டுத் தட்டுகிறார். ரொட்டித் துணுக்குகள் உதிர்கின்றன. அவற்றை ஊதித் தள்ளிவிட்டு, மீசையை வலப்பக்கம் ஒருமுறை, இடப்பக்கம் ஒருமுறை நீவிக்கொள்கிறார். வெள்ளிக்கிழமைதோறும் மாலை நான்கு மணிக்கு இதே சடங்குதான். இனி ஐந்து மணி வரை யாரும் அவரை அண்ட முடியாது. அந்த வாரம் தாம் கற்றுக்கொண்டதை எழுதப்போகிறார்.

மருத்துவமனைகளுக்கு முன்பதிவு மென்பொருள் செய்யும் நிறுவனத்தில், எட்டுப் பேர் கொண்ட குழுவுக்குத் தலைவர். வயது ஐம்பத்திரண்டு. எண்பத்தேழு வாரங்களாக, காய்ச்சலில் படுத்த வாரத்தைக்கூட விடாமல், அலுவலகத்தின் உள்வலையில் வாரம் ஒரு பக்கம் எழுதியிருக்கிறார். கற்றல், வளர்ச்சி, எல்லோரையும் அரவணைத்துச் செல்லுதல் என மூன்றே விஷயங்கள் மாறிமாறி வரும். ஒரு குறிப்பைச் சராசரியாகப் பதினோரு முறை யாரோ திறந்து பார்த்ததாக உள்வலை காட்டும். அதில் ஒன்பது முறை திறந்தவர் அவரே. யாராவது படித்தார்களா என்று பார்க்கப் போனவர்.

அவர் எழுதுவது பொய் என்று சொல்ல முடியாது. எழுதும் அந்த ஒரு மணி நேரம் ஒவ்வொரு சொல்லையும் மனதார நம்புகிறார். "கத்துக்கிட்டே இருக்கணும்பா, நிறுத்துனா துரு பிடிச்சிரும்" என்பார். அனுப்பும் பொத்தானை அழுத்தியதும் முகத்தில் ஒரு நிறைவு வரும். சாப்பிட்டு முடித்துக் கைகழுவியவரின் நிறைவு அது.

அவருக்குப் பெருமை இரண்டு. வெள்ளைப் பலகையில் எழுதினால் எழுத்து அச்சில் வார்த்ததுபோல் இருக்கும். ஆகவே கூட்டங்களில் பலகையைப் பார்த்தபடியே பேசுவார். இன்னொன்று மீசை. மேலுதட்டை முழுதாக மறைத்துக் கீழுதட்டையும் எட்டிப் பார்க்கும். அதை நீவாமல் அவருக்கு யோசனை ஓடாது.

குழுவில் டெஸ்டராக இருக்கும் பெண்ணுக்குப் பட்டப்பெயர் பூதக்கண்ணாடி. மற்றவர்கள் எழுதிய நிரலில் அவள் கண்ணுக்குத் தப்பிய பிழை கிடையாது. போன வருஷம் ஒரே நேரத்துக்கு நாற்பது நோயாளிகளுக்கு முன்பதிவு கொடுக்கவிருந்த பிழையைக் கடைசி நாளில் பிடித்தவள் அவள்தான். அந்த நிரல் தலைவர் எழுதியது. அவளுக்குக் காது அநேகமாகக் கேட்காது. உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்வாள்.

எண்பத்தெட்டாவது வாரம், புதன்கிழமை பணியாளர் பிரிவு அம்மா அவரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"உங்க டெஸ்டர் வேற டீமுக்கு மாறணும்னு எழுதிக் குடுத்திருக்காங்க. திங்கள் மதியம் வரைக்கும்தான் டைம். அதுக்குள்ள அவங்களா வாபஸ் வாங்கலைன்னா நான் கையெழுத்துப் போட்டுருவேன்."

"அரவணைப்பு பத்தி நான் இருபத்தொன்பது குறிப்பு எழுதியிருக்கேனே மேடம்!"

"அத்தனையும் படிச்சாங்களாம்."

நேராகப் பூதக்கண்ணாடியின் மேசைக்குப் போனார். மீசையை நீவியபடி, "என்னம்மா குறை இங்க?" என்றார்.

"மறுபடி சொல்லுங்க சார்."

குரலை உயர்த்திச் சொன்னார். மறுபடி சொல்லச் சொன்னாள். மூன்றாம் முறை அவர் போட்ட சத்தத்தில் அந்த மாடியே திரும்பிப் பார்த்தது. அச்சுப்பொறி பக்கத்தில் இருந்த ஒருவர், "ஒரு குறையும் இல்லை சார்!" என்று பதறினார்.

அவள் திரையில் தட்டிக் காட்டினாள்: "கத்த வேண்டாம் சார். மீசை பாதி வாயை மூடுது. மீதியைக் கை மூடுது. கூட்டத்துல போர்டு பக்கம் திரும்பிடுறீங்க. ஒண்ணரை வருஷமா உங்க முதுகைத்தான் படிச்சிட்டிருக்கேன்."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா!" தாமும் தட்டினார்.

"சேர்ந்த புதுசுலயே சொன்னேன். நல்ல பாயிண்ட்னு சொல்லிட்டு, அந்த வாரமே அதை எழுதிட்டீங்க."

போய்த் தேடினார். பதினான்காவது குறிப்பு. 'பேசும்போது எதிரில் இருப்பவருக்கு உங்கள் முகத்தைக் கொடுங்கள்' என்று ஆரம்பித்திருந்தார். படிக்கப் படிக்க அவருக்கே கண் கலங்கியது. கீழே பார்வையாளர் எண்ணிக்கை: பன்னிரண்டு.

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு விசைப்பலகையைக் கவிழ்த்தார், தட்டினார், ஊதினார். பிறகு அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

"என்ன சார், இந்த வாரம் ஒண்ணும் கத்துக்கலையா?" என்று குழுவில் ஒருவர் சீண்டினார்.

"கத்துக்கிட்டேன்பா. எழுதலை."

ஞாயிறு காலை குளியலறைக் கண்ணாடி முன்னால் கத்தரிக்கோலோடு முக்கால் மணி நேரம் நின்றார். மனைவி கதவருகே வந்து விசாரித்தார். காரணத்தைக் கேட்டதும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"இருபத்தஞ்சு வருஷமா எனக்கும் பாதிதாங்க புரிஞ்சுது. நான் என்ன மாறுதலா கேட்டேன்?"

"இப்ப நீ வேற ஆரம்பிக்காத."

"எடுங்க, எடுங்க. உள்ள யார் இருக்காங்கன்னு நானும் பார்த்துக்கறேன்."

திங்கள் காலைக் கூட்டத்தில் ஏழு பேரும் அவரை ஒருமுறை பார்த்துவிட்டு உடனே மேசையைப் பார்த்தார்கள். மேலுதடு வெயில் படாத வெளுப்பில் பளிச்சென்று இருந்தது. பேசத் தொடங்கியதும் வலக்கை பழக்கத்தில் மேலே போயிற்று. அங்கே ஒன்றும் இல்லாததைக் கண்டு, போன வழியே சட்டைப்பைக்குத் திரும்பியது.

"இப்பப் புரியுதாம்மா?"

"ஒவ்வொரு வார்த்தையும் புரியுது சார்" என்றாள் பூதக்கண்ணாடி. "ஒண்ணரை வருஷமா நீங்க ஏதோ பெருசா சொல்றீங்கன்னு நெனச்சிட்டிருந்தேன்."

அறை வெடித்துச் சிரித்தது. அவரும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக. பூதக்கண்ணாடி கடைசி வரிசையிலிருந்து தன் நாற்காலியை இழுத்துவந்து முன்னால் போட்டுக்கொண்டாள். மதியத்துக்கு இன்னும் இரண்டரை மணி நேரம் இருந்தது.

அந்த வாரத்து வேலைகளைப் பட்டியலிட வேண்டும். பேனாவின் மூடியைக் கழற்றினார். பலகைப் பக்கம் தோள் திரும்பியது, பாதியில் நின்றது. மறுபடி அவளை நோக்கி நேராக நின்றுகொண்டு, கையை மட்டும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் எழுத ஆரம்பித்தார். அச்சில் வார்த்த எழுத்துகள் குடித்துவிட்டு வந்தவைபோல் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்தன.

"சார், ரெண்டாவது வரி ஏறிப் போய் முதல் வரி மேல உக்காந்திருக்கு" என்றாள் அவள்.

அவர் திரும்பவில்லை. பின்னாலேயே கையால் துழாவி உள்ளங்கையால் அழித்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தபடியே முதல் வரியிலிருந்து மறுபடி எழுதத் தொடங்கினார்.