குழாய் வைக்காத கழுத்து

என் மனைவியின் தைராய்டை எடுப்பதற்கு முதல் நாளே டாக்டரிடம் கேட்டேன், கழுத்தில் குழாய் வைப்பீர்களா என்று. பக்கத்துக் கட்டிலில் அதே ஆபரேஷன் செய்துகொண்ட ஒரு வயதான அம்மாவுக்கு இரத்தம் வடிய ஒரு குழாயும் அதன் நுனியில் ஒரு டப்பாவும் தொங்கின.

“இவங்களுக்குத் தேவைப்படாதுங்க. இப்பெல்லாம் நிறைய பேருக்கு வைக்கிறதில்ல. வச்சா வலிதான் கூட” என்றார்.

அவளுக்கு ஒரே சந்தோஷம். நசரத்பேட்டைக்காரி, பேச்சும் அந்த ஊர்ப் பேச்சுதான். “டப்பாவ மாட்டிகினு எவ நடப்பா?” என்றாள்.

காலையில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மதியம் தலையணையை உயர்த்தச் சொன்னாள். உயர்த்தினேன். இன்னும் உயர்த்தச் சொன்னாள்.

“இன்னாமே பண்ணுது?”

“யாரோ கழுத்தப் புட்ச்சிகினு கீற மாரி கீதுய்யா.”

கழுத்தில் போட்டிருந்த கட்டைச் சுற்றித் தாடைவரை புடைத்திருந்தது. மூச்சை இழுக்கும்போது சீட்டியடிப்பது போல ஒரு சத்தம். நர்ஸிடம் ஓடினேன்.

“கொஞ்சம் வீக்கம் இருக்கத்தான் செய்யும் சார்” என்றார், தலை நிமிராமல்.

“வந்து பாத்துட்டு சொல்லுங்க சிஸ்டர்! செத்துருவா!”

வந்து பார்த்தவர் அடுத்த நொடி கத்திக்கொண்டே ஓடினார். ஓடி வந்த டாக்டர் கட்டிலிலேயே தையலைப் பிரித்தார். ஈரல் துண்டு மாதிரி உறைந்த இரத்தம் வெளியே வந்தது. அவள் ஒரு மூச்சு இழுத்தாள். அப்படியே தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

தியேட்டர் கதவுக்கு வெளியே நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. ஐயப்பன்தாங்கல் வீட்டிலிருந்து மகள் போன் செய்தாள். “அம்மாகிட்ட குடுப்பா.” தூங்குகிறாள் என்று சொல்லிவிட்டுச் சுவரில் தலையை முட்டிக்கொண்டேன். எந்தச் சாமியைக் கூப்பிடுவது என்றுகூடத் தெரியவில்லை.

டாக்டர் வெளியே வந்தார். “ஒரு சின்ன ரத்தக்குழாய் கசிஞ்சிருக்கு. கட்டிட்டோம். பொழச்சிட்டாங்க.”

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். “அந்தக் குழாய வச்சிருந்தா இப்டி ஆயிருக்குமா டாக்டர்?”

“வச்சிருந்தாலும் ஆயிருக்கலாங்க. ரத்தம் உறைஞ்சா குழாயே அடைச்சிக்கும். டப்பா காலியா இருக்கேன்னு நாம சும்மா இருந்திருப்போம். ஆளைப் பாத்துக்கிட்டே இருக்கறதுதான் காப்பாத்தும். நீங்க பாத்தீங்க.”

புத்திக்குப் புரிந்தது. மனசு கேட்கவில்லை. இந்த முறை குழாயோடுதான் அவளைக் கொண்டுவந்தார்கள். நான் குழாயைப் பார்க்கவே இல்லை. கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், கண்ணை எடுத்தால் போய்விடுவாள் என்பதுபோல.

சாயங்காலம் கண் திறந்தாள். குரல் கரகரத்தது.

“இன்னாய்யா மொறைக்கிற?”